யார் பணம், யார் வைத்தியம்?

108 வண்டியில் வந்து இறங்குகிறவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். வண்டியை வாங்கிக் கொடுத்தது அரசு. டீசல், ஆக்சிஜன், மருந்து, சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து போகிறது. ஆனால் வண்டியை ஓட்டுகிற ‘பைலட்’டும், உள்ளே உட்கார்ந்து நாடி பார்க்கிற மருத்துவ உதவியாளரும் ஒரு தனியார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். ஆரணிப் பக்கத்துச் சேவூரில் ஒரு வீட்டிலிருந்து அழைத்தால், சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் போனை எடுப்பவரும் அந்த நிறுவனத்தின் ஆள்தான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். அட்டையில் அரசு முத்திரை இருக்கிறது. பணம் அரசுடையது. அதை எடுத்துக்கொண்டு வேலூரிலோ சென்னையிலோ ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனால், கவுண்டரில் இருப்பவர் “அப்ரூவல் வரட்டும், உட்காருங்க” என்கிறார். யாருடைய அப்ரூவல், ஏன் காத்திருக்க வேண்டும், இதற்கு மேல் கையிலிருந்து கொடுக்க வேண்டுமா என்று கேட்டால் தெளிவான பதில் பல சமயம் கிடைப்பதில்லை. அந்தப் பதிலைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அரசும் தனியாரும் சேர்ந்து மருத்துவம் செய்யும் ஏற்பாட்டை ‘பொது–தனியார் கூட்டு’ என்பார்கள். ஆரணி வட்டாரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை. பட்டு நெசவில் முதலாளி பாவு, பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் தருகிறார். நெசவாளர் தன் வீட்டுத் தறியில் நெய்கிறார். சேலைக்கு இவ்வளவு கூலி என்று முன்பே பேசிவிடுகிறார்கள். சேலை வந்ததும் விரித்துப் பார்க்கிறார்கள். இழை விட்டிருந்தால் கூலியில் பிடித்தம். இந்த ஏற்பாட்டில் அரசு முதலாளியின் இடத்தில் நிற்கிறது, தனியார் நெய்துகொடுக்கிறார். ஒரே ஒரு வேறுபாடு, ஆனால் பெரிய வேறுபாடு: சேலையை விரித்துப் பார்க்கலாம், எண்ணலாம். வைத்தியத்தில் சிலவற்றை மட்டுமே அப்படி விரித்துப் பார்க்க முடியும். விரித்துப் பார்க்க முடிந்த இடங்களில் இந்தக் கூட்டு நன்றாக நடந்திருக்கிறது. முடியாத இடங்களில் நோயாளிதான் நட்டப்பட்டிருக்கிறார்.

எண்ணிப் பார்க்கக்கூடிய வேலை

108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன்பே தேனி மாவட்டத்தில் சேவா நிலையம் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பிரசவ நேரத்தில் தாய்மார் இறப்பதைத் தடுக்க ஓர் அவசர ஊர்தி ஏற்பாட்டை அரசு செய்து பார்த்திருந்தது. 108-இன் பிறப்பிடம் ஆந்திரம். 2005-இல் ஐதராபாத்தில் சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு தொடங்கிய இ.எம்.ஆர்.ஐ. என்ற அமைப்பு அதை நடத்தியது. அதே அமைப்போடுதான் தமிழ்நாடு ஒப்பந்தம் போட்டது.

சேவை தொடங்கி நான்கு மாதம்கூட முடியவில்லை. 2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெளிவந்தது, ராஜு சிறைக்குப் போனார். ஆனால் ஆம்புலன்ஸ் நிற்கவில்லை. காரணம், ஓட்டும் செலவை அரசு கொடுத்துக்கொண்டிருந்தது. நடத்தும் பொறுப்பு ஜி.வி.கே. குழுமத்துக்கு மாறியது, சேவை தொடர்ந்தது. கூட்டாளி விழுந்தாலும் சேவை விழாமல் இருக்க வேண்டுமானால் பணமும் பொருளும் அரசின் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்று மாநிலம் முழுக்க 1,300-க்கும் மேற்பட்ட 108 வண்டிகள் ஓடுகின்றன. எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது, எந்த மருத்துவமனையில் சேர்த்தது என்பதெல்லாம் பதிவாகிறது. அதனால் மேற்பார்வை எளிது. ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. இந்தச் சேவை மலிவாக நடக்கிறது என்றால், அந்த மலிவில் ஒரு பங்கு ஊழியர்களின் தோளில் இருக்கிறது. நீண்ட பணி நேரத்தையும் குறைந்த சம்பளத்தையும் எதிர்த்து 108 தொழிலாளர்கள் பல முறை வேலைநிறுத்தம் வரை போயிருக்கிறார்கள். நடுராத்திரியில் ஓர் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு நியாயமான சம்பளமும் ஓய்வும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

108 முற்றிலும் இலவசம். நோயாளியை, அவர் நிலைக்கு ஏற்ற, பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். பிரசவம் முடிந்த தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிட 102. மருத்துவ ஆலோசனைக்கு 104. இறந்தவர் உடலை அரசு மருத்துவமனையிலிருந்து ஊருக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. இந்த எண் தெரியாமல் துக்க நேரத்தில் தனியார் வண்டிக்குப் பல ஆயிரம் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு.

மாத்திரைகளிலும் ஒரு கூட்டு இருக்கிறது. யாரும் அதைக் கூட்டு என்று சொல்வதில்லை. அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரையை அரசு தயாரிப்பதில்லை. தனியார் கம்பெனிகள் தயாரிக்கின்றன. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அவற்றை மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்குகிறது. டெண்டரில் முதலில் கம்பெனியின் தகுதியைப் பார்க்கிறார்கள். அதில் தேறியவர்களின் விலைக் கவரை மட்டுமே பிறகு பிரிக்கிறார்கள். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடாது. அதிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் விநியோகம். தேறாவிட்டால் கம்பெனி கறுப்புப் பட்டியலில் ஏறும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். இந்த முறையைக் கேரளம், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்கள் பார்த்துத் தங்கள் ஊரில் அமைத்துக்கொண்டன. அட்டைகளைவிடவும் அறிவிப்புகளைவிடவும் தமிழ்நாட்டு ஏழைகளுக்கு அதிகம் உதவிய ஏற்பாடு இது என்பது என் கருத்து. தயாரிப்பது தனியார், வாங்குவது அரசு, சோதிப்பது கம்பெனிப் பெயர் தெரியாத ஆய்வுக்கூடம். மூன்றும் தெளிவாகப் பிரிந்து இருக்கின்றன.

கண்புரை அறுவையும் இதே வகை. நெசவாளர்களுக்கு இது நெருக்கமான விஷயம். ஜரிகை இழையைப் பார்த்துப் பார்த்துக் கண் சோர்ந்தவர்களுக்கு வயதான காலத்தில் புரையும் சேர்ந்துகொண்டால் தறியில் உட்காரவே முடியாது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கியது. அதே ஆண்டு மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர்ஊராக முகாம் போட்டு, நோயாளியை அழைத்துப் போய் அறுவை செய்து, திரும்பக் கொண்டுவிடுவது தொண்டு மருத்துவமனையின் வேலை. ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று மானியம் தருவது அரசின் வேலை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-இல் அரவிந்தின் ஆரோலேப் அதை மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை பல மடங்கு இறங்கியது. கட்டணம் கொடுக்கக்கூடியவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகச் செய்யும் முறையும் அங்கே உண்டு. அறுவை முடிந்து கட்டை அவிழ்த்ததும் பார்வை வந்ததா இல்லையா என்று நோயாளிக்கே தெரிந்துவிடும். இந்தக் கூட்டு வெற்றி பெற்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

காப்பீட்டு அட்டை எப்படி வேலை செய்கிறது

இங்கேதான் குழப்பம் அதிகம்.

ஆந்திரத்தில் 2007-இல் வந்த ஆரோக்கியஸ்ரீயைப் பார்த்து, 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் காப்பீட்டு நிறுவனம் அதை நடத்தியது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. பொறுப்பு யுனைடெட் இந்தியாவுக்கு வந்தது. யுனைடெட் இந்தியா மத்திய அரசுக்குச் சொந்தமான நிறுவனம். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைத்தார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற வரம்பு அப்போது வந்தது. 2022 ஜனவரியில் திட்டத்தை மேலும் ஐந்தாண்டு நீட்டித்தபோது பயனாளிக் குடும்பங்கள் சுமார் 1 கோடியே 37 லட்சம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வருமான வரம்பு கிடையாது.

உங்கள் குடும்பத்துக்காக அரசு கட்டும் பிரீமியம் அந்த நீட்டிப்பின்படி ஆண்டுக்கு 849 ரூபாய். நீங்கள் கட்டுவது ஒன்றுமில்லை. ஆனால் அது உங்கள் வரிப்பணம். நூல் வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் கட்டும் வரி அதில் இருக்கிறது. எல்லாக் குடும்பங்களுக்கும் கூட்டினால் ஆண்டுக்கு சுமார் 1,160 கோடி ரூபாய் வருகிறது. இந்தப் பணம் காப்பீட்டு நிறுவனத்திடம் போகிறது. உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு அரசு தனியாக ஒரு நிதியும் வைத்திருக்கிறது.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். பட்டியலில் உள்ள மருத்துவமனைதான் அட்டையை எடுத்துக்கொள்ளும். அதிலும் எல்லா நோய்க்கும் எல்லா மருத்துவமனையும் இல்லை. ஒரு மருத்துவமனை எலும்பு முறிவுக்கு மட்டும் பட்டியலில் இருக்கலாம், இதயத்துக்கு இல்லாமல் போகலாம். “நீங்க அட்டை எடுப்பீங்களா?” என்று கேட்டால் மட்டும் போதாது. “இந்த ஆபரேஷனுக்கு அட்டை எடுப்பீங்களா?” என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் பாதி வைத்தியத்தில் நின்று தவித்த குடும்பங்கள் ஏராளம்.

சேர்த்ததும் மருத்துவமனை உங்கள் பரிசோதனை முடிவுகளைக் கணினி வழியே அனுப்புகிறது. காப்பீட்டு நிறுவனம் நியமித்த மேலாண்மை நிறுவனத்தின் மருத்துவர்கள் அதைப் பார்த்து, இந்த அறுவை தேவைதான் என்று அனுமதிக்கிறார்கள். ‘அப்ரூவல்’ என்று சொல்வது இதைத்தான். இதில் மூன்று தரப்புக்கு மூன்று விதமான நலன் இருக்கிறது. அனுமதி குறைந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு லாபம். அறுவை கூடினால் மருத்துவமனைக்கு வருமானம். நோயாளிக்குத் தேவையானது தேவையான நேரத்தில் கிடைக்க வேண்டும். முதல் இருவருக்கும் நடுவே மூன்றாமவர் நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அரசின் வேலை. அரசு கண்ணை மூடிக்கொண்டால் தேவையான அறுவைக்கு அனுமதி தாமதமாகும். தேவையில்லாத அறுவை நடந்துவிடும். இரண்டுக்கும் இடமிருக்கிறது.

விலை ‘பேக்கேஜ்’ முறை. ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்த தொகை. படுக்கை, மருந்து, டாக்டர், சாப்பாடு, பரிசோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக்கூடாது. “இது மட்டும் அட்டையில வராது” என்று சொன்னால், எது வராது என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்ன உடனே பல பில்கள் மறைந்துவிடும். கட்டணம் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புகாருக்கு 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திட்டத்துக்கென அலுவலரும் உண்டு.

அரசு மருத்துவமனைகளும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியிலோ நீங்கள் அறுவை செய்துகொண்டால், உங்கள் அட்டையின் பேரில் அந்த மருத்துவமனைக்குக் காப்பீட்டுப் பணம் வரும். அதில் கருவிகள் வாங்குகிறார்கள், ஒரு பங்கு மருத்துவர், செவிலியர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது. “கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எல்லாமே ஃப்ரீதானே, அட்டை எதுக்கு கேக்கறாங்க?” என்று அங்கே சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதற்காகத்தான் கேட்கிறார்கள். தயங்காமல் கொடுங்கள். திட்டத்தின் முதல் ஆண்டுகளில் காப்பீட்டுப் பணத்தில் பெரும்பகுதி தனியாருக்கே போனது. அரசின் பணத்தை எடுத்து அரசு மருத்துவமனைக்குப் போட்டியாகத் தனியாரை வளர்க்கிறார்கள் என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. நியாயமான விமர்சனம். பிறகு சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே வரும் பங்கும் கூடியது.

சாலை விபத்துக்கு இந்த அட்டைகூடத் தேவையில்லை. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் இதில் அடக்கம். தொடங்கியபோது 81 சிகிச்சை முறைகள், ஒரு லட்சம் ரூபாய் வரை. ஆரணி–வேலூர் சாலையில் பைக்கில் விழுந்தவரைப் பட்டியலில் உள்ள எந்தத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் “அட்வான்ஸ் கட்டுங்க” என்று கேட்கக்கூடாது. விபத்தில் முதல் ஒரு மணி நேரம்தான் உயிர் பிழைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது தனியார் மருத்துவமனை என்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். தனியாரைச் சேர்ப்பது முழு நியாயம் பெறும் இடம் இது.

எங்கே தவறுகிறது

டெல்லியில் அரசு 15 ஏக்கர் நிலத்தை ஒரு ரூபாய் என்ற பெயரளவு வாடகைக்கு இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனைக்குக் கொடுத்தது. பதிலாக மூன்றில் ஒரு பங்கு படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று ஒப்பந்தம். நிலம் போனது, கட்டடம் எழுந்தது, ஏழைகளின் படுக்கைகள் மட்டும் ஒப்பந்தப்படி நிரம்பவில்லை. பொதுநல வழக்குப் போட்டு, 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டித்து உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தில் அரசுக்கே பங்கு இருந்தும் இந்த நிலை. நிலத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிறகு பிடித்து வைக்க அரசின் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

குஜராத்தின் கதை வேறு மாதிரி. அங்கே 2005-இல் சிரஞ்சீவி என்ற திட்டத்தில் தனியார் மகப்பேறு மருத்துவர்களுக்கு நூறு பிரசவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் கொடுத்தார்கள். நாடெங்கும் புகழப்பட்டது. ஆனால் 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் திட்டத்தால் மருத்துவமனைப் பிரசவம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றது. எப்படியும் மருத்துவமனைக்குப் போயிருக்கக்கூடியவர்களே பெரும்பாலும் போயிருக்கிறார்கள். தமிழ்நாடு அந்தக் காலகட்டத்தில் வேறு வழியில் போனது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் தொகையைத் தாயின் கையில் கொடுத்தது. இன்று இங்கே ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். சேவூர்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பதால்தான், அவள் தனியாருக்குப் போனாலும் அவர்கள் மனம்போன கட்டணம் கேட்க முடிவதில்லை. அரசு மருத்துவமனை நன்றாக இருந்தால்தான் தனியாரோடு செய்யும் கூட்டும் நேர்மையாக இருக்கும்.

கணக்கு பார்ப்பதிலும் ஓட்டைகள் உண்டு. ஆயுஷ்மான் பாரத் பற்றி இந்தியத் தணிக்கைத் துறை 2023-இல் கொடுத்த அறிக்கையில், 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் ஏழரை லட்சம் பேர் வரை பதிவாகியிருந்ததாகச் சொன்னது. முன்பே இறந்துவிட்டதாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் மறுபடி சிகிச்சைக் கணக்கு எழுதப்பட்டதையும் காட்டியது. கணினியில் பதிவிருப்பது வேறு, அதை ஒருவர் உட்கார்ந்து படிப்பது வேறு. டிஸ்சார்ஜ் ஆகும்போது உங்கள் அட்டையில் எவ்வளவு தொகை எடுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பேரில் போகும் பணத்துக்கு நீங்களும் ஒரு தணிக்கையாளர்.

அட்டை எட்டாத இடம்

தறிக்குழியில் காலை முதல் இருட்டும் வரை உட்கார்ந்து நெய்கிறவருக்கு வரும் நோய்கள் எவை? இடுப்பு வலி, முழங்கால் வலி, கழுத்துப் பிடிப்பு, கண் எரிச்சல். நாற்பதைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம். இவற்றில் எதற்கும் மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மாதாமாதம், ஆண்டுக்கணக்கில். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுத்து எழும் வைத்தியத்துக்குத்தான். 2021-22-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39 சதவீதத்துக்கு மேல் மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மருந்துக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும் போகிறது.

இதைப் புரிந்துகொண்ட ஒரு திட்டம் நெசவாளர்களுக்கென்றே இருந்தது. 2005-06-இல் மத்திய ஜவுளி அமைச்சகம், ஐசிஐசிஐ லம்பார்டு என்ற தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து கைத்தறி நெசவாளர் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. நெசவாளர், மனைவி அல்லது கணவர், இரண்டு குழந்தைகளுக்குச் சேர்த்து ஆண்டுக்கு 15,000 ரூபாய். சிறிய தொகைதான். ஆனால் அதை எப்படிப் பிரித்திருந்தார்கள் என்று பாருங்கள். வெளிநோயாளியாகப் பார்த்துக்கொள்வதற்கு 7,500 ரூபாய் வரை. சித்த மருத்துவம், ஆயுர்வேதம் போன்றவற்றுக்கு 4,000. பிரசவத்துக்கு 2,500. மூக்குக் கண்ணாடிக்கு 250. முன்பே இருந்த நோய்க்கும் உண்டு. யாரோ ஒருவர் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கண்ணாடிக்கு 250 ரூபாய் என்று எழுதியிருக்க வேண்டும். பிரீமியத்தில் பெரும்பகுதியை மத்திய அரசு கட்டியது. பிறகு அத்திட்டம் நிறுத்தப்பட்டு, நெசவாளர்கள் ஏழைகளுக்கான பொதுக் காப்பீட்டுக்குள் சேர்க்கப்பட்டார்கள். காலப்போக்கில் தொகை லட்சங்களாக உயர்ந்தது. கண்ணாடியும் வெளிநோயாளிச் செலவும் காணாமல் போயின. இதய அறுவைக்கு இன்று வழி இருக்கிறது, அது பெரிய காரியம். ஆனால் நூறு நெசவாளர் குடும்பங்களில் இதய அறுவை தேவைப்படுவோர் மிகச் சிலர். கண்ணாடி தேவைப்படுவோர் ஏறக்குறைய எல்லாரும்.

வெளிநோயாளி வைத்தியத்தைத் தனியாரிடம் வாங்குவது கடினம் என்பதும் உண்மை. இடுப்பு வலிக்கு ஊசி போட்டார்களா, எத்தனை மாத்திரை கொடுத்தார்கள், உண்மையிலேயே ஆள் வந்தாரா என்பதை யார் போய்ப் பார்ப்பது? விரித்துப் பார்க்க முடியாத வேலை அது. அதனால் இந்த வேலையைப் பெரும்பாலும் அரசே செய்ய வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த வகை. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாக வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் வருவார். குழித்தறியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்தவருக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்களும் அரசு மானியம் பெற்ற தனிநபர்களும் அவற்றை நடத்துகிறார்கள். பிராண்டு பெயர் இல்லாத மருந்துகள் அங்கே வெளிக்கடை விலையைவிட மிகக் குறைவு. ஆரணிக்குப் போகும்போது டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு அங்கே கேட்டுப் பாருங்கள்.

சேவூரிலும் ஆரணியிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. சங்கத்தில் இல்லாத கூலி நெசவாளர்களையும் சேர்த்துக்கொண்டால் யார் யார் தறியில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் கண் பரிசோதனை, தேவைப்படுவோருக்குக் கண்ணாடி, புரை இருந்தால் அறுவை என்று ஓர் ஒப்பந்தத்தை ஒரு கண் மருத்துவமனையோடு மாவட்ட நிர்வாகம் போடலாம். எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை கண்ணாடி கொடுத்தார்கள், எத்தனை பேரால் மறுபடி ஜரிகை இழையைப் பார்க்க முடிகிறது என்று ஆண்டு முடிவில் எண்ணிவிடலாம். எண்ண முடிந்த வேலை என்பதால் தனியாரிடம் கொடுப்பதிலும் பயமில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். காப்பீட்டு அட்டை இன்னும் எடுக்காதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அறுபது கிலோமீட்டர், ஒரு நாள் கூலி. அந்தப் பதிவை ஆண்டுக்கு ஒரு முறை சேவூரிலேயே முகாம் போட்டுச் செய்யச் சொல்லி அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.